தொட்டிலண்டை நிற்கும் பேய்
(ஒரு பெயர்சூட்டு விழாவில் பேசியது)



இந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டுமென்று நம்மை அழைத்திருக்கின்றார்கள். பெயர் வைப்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அதற்கு முன் முக்கால்மணி நேரம் ஏதாவது பேசித் தீரவேண்டுமென்பது நம் கூட்டங்களில் வழக்கமாகிவிட்டது. வழக்கத்தையெல்லாம் எதிர்க்கிற நாம் இந்த வழக்கத்தை மாத்திரம் விடுவதில்லை. (சிரிப்பு)

வந்து உட்கார்ந்தது முதல் பார்த்துக்கொண்டிருக்கின்றோம். வருகிறவர்கள் எல்லோரும் நேரே தொட்டிலுக்குத்தான் போகின்றீர்கள். மூக்கு அப்பனைப் போல் என்கின்றீர்கள். நெற்றி பாட்டியைப் போல் என்கின்றீர்கள். பிஞ்சுக் கையில் பணத்தைத் திணிக்கின்றீர்கள். பெற்றவள் அதோ சுவரோரம் உட்கார்ந்திருக்கின்றாள். "ராத்திரி தூங்கினாயா, அம்மா?" என்று அவளை ஒருவராவது கேட்டதாக நமக்குத் தெரியவில்லை. ஆகவே இன்று குழந்தையைப் பற்றி நாம் ஒன்றும் பேசப்போவதில்லை. பிள்ளை பெற்றவளுடைய மனதைப் பற்றியும், அந்த மனதில் அவளுக்கு முந்தியவர்கள் வைத்துவிட்டுப் போன காயங்களைப் பற்றியுமே சொல்ல உத்தேசித்திருக்கின்றோம்.

நமக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, நாம் குடியிருந்த தெருவில் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பிறந்த நாலைந்து நாளைக்கெல்லாம் அவள் தூக்கத்தை விட்டுவிட்டாள். தானாகச் சிரித்தாள், தானாகப் பேசினாள், தொட்டிலில் கிடப்பது தன் குழந்தையல்லவென்றும், யாரோ மாற்றி வைத்துவிட்டார்களென்றும் கூச்சலிட்டாள். பச்சை உடம்புக்காரியைக் காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்றார்கள் தெருவார். கோடாங்கி வந்தான். உடுக்கை அடித்தான். மூன்று நாள் மிளகாய்ப் புகை போட்டார்கள், வேப்பங்குச்சியால் அடித்தார்கள். கடைசியில் அவள் உச்சி மயிரை ஊர்க்கோடிப் புளியமரத்தில் ஆணியால் அடித்து அறுத்துவிட்டு, பேய் அங்கே கட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லிக் கோழியும் பணமும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். நாமும் மற்றப் பிள்ளைகளோடு நின்று வேடிக்கை பார்த்தோம். கைக்குழந்தை பால் இல்லாமல் போயிற்று. ஒரு மாதம் கழித்து அவளும் கிணற்றில் விழுந்து செத்தாள். அப்போதும் ஜனங்கள் கோடாங்கியைக் கோபிக்கவில்லை. பேய் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்றுதான் சொன்னார்கள். என்ன நேர்த்தியான தொழில் பாருங்கள்! ஜெயித்தால் கோடாங்கிக்குக் கூலி. தோற்றால் பேயின் பேரில் பழி.

செத்தவளுக்கு நாலு வயதில் ஒரு மூத்த பெண் இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகின்றோம்.

அவளுக்கு வந்தது பேயுமல்ல, பிசாசுமல்ல. பிரசவமான பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவர் இருவருக்கு வருகின்ற ஒரு கடுமையான மனநோய் அது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் சடுதியில் கிளம்பும். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுத்தால் அநேகமாய்க் குணமாகிவிடும். பிரசவத்தை ஒட்டி வருகின்ற மனநோய்களைப் பற்றி லூயி விக்டர் மார்சே என்கிற பிரஞ்சு வைத்தியர் 1858-லேயே ஒரு தனிப் புத்தகம் எழுதிவிட்டார். நம் தெருவில் மிளகாயைப் புகைத்தது அதற்கு ஏறக்குறைய 130 வருஷத்துக்குப் பிறகு!

இந்தக் கடும் நோய் சிலருக்குத்தான். இன்னொன்று பாதிப் பேருக்கு மேல் வருகின்றது. பிரசவமான மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் காரணமில்லாமல் கண்ணீர் வரும். வயிற்றிலிருந்து நஞ்சு வெளியானவுடன், கர்ப்ப காலமெல்லாம் ஏறிக்கொண்டே வந்த சில ஹார்மோன்கள் சில நாளில் மடமடவென்று இறங்கிவிடுகின்றன. தூக்கமும் இல்லை, இரத்தமும் போயிருக்கின்றது. அழாமல் என்ன செய்வாள்? அது இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும்.

இவ்விரண்டுக்கும் நடுவில் ஒன்றிருக்கின்றது. அதைத்தான் நம்மவர்கள் அடியோடு கவனிப்பதில்லை. இரண்டு வாரம் தாண்டியும் துக்கம் போகாது. சோறு செல்லாது. குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராது. பிள்ளையின் மேல் ஆசை வரவில்லையே என்று தன்னைத் தானே வெறுப்பாள். தான் செத்தால் இதற்கு இதைவிட நல்ல தாய் கிடைப்பாள் என்றுகூட நினைப்பாள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாத்திரம் தேய்ப்பாள், பால் கொடுப்பாள், வாயைத் திறக்கமாட்டாள். இதற்குத்தான் மனச்சோர்வு நோய் என்று பெயர். உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்கின்படி, பிள்ளை பெற்றவர்களில் 100-க்கு 13 பேருக்கு ஏதாவதொரு மனநோய், முக்கியமாய் இந்த மனச்சோர்வு, உண்டாகின்றது. ஏழை நாடுகளில் 100-க்கு ஏறக்குறைய 20 பேர். அதாவது ஐந்து தொட்டிலுக்கு ஒன்று. இந்தப் பந்தலில் எத்தனை தாய்மார்கள் இருக்கின்றீர்களோ, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"இது வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு வருகிற வியாதி, நம் பெண்களுக்கு ஏது?" என்று கேட்கின்ற புத்திசாலிகளும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் நம் தமிழ்நாட்டுக் கிராமப் பெண்கள் 359 பேரை நிறைமாதத்தில் பரீட்சித்து, பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் பரீட்சித்து, 2002-ல் முடிவை வெளியிட்டிருக்கின்றார்கள். 100-க்கு 11 பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்திருந்தது. எதனால் வந்தது என்று கண்டார்கள்? நட்சத்திரத்தாலா, அமாவாசையாலா? வரும்படிக் குறைவு, ஆண்பிள்ளை வேண்டியிருந்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைவேலைக்கு ஒத்தாசையில்லாமை. இந்த ஜாபிதாவில் பேய்க்கு இடமே இல்லை. எல்லாம் மனிதர்கள் செய்கிற காரியம், மனிதர்கள் செய்யாமல் விட்ட காரியம். அதிலும் பெண் பிறந்ததற்குப் பெற்றவளை ஏசுகின்றீர்களே, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிற சரக்கு புருஷனிடமிருந்துதான் வருகின்றது. ஏசத்தான் வேண்டுமென்றால் மகனைக் கூப்பிட்டு ஏசுங்கள். (சிரிப்பு)

நிற்க, இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற நம் தோழர்கள், "பேயை நம்புகிறவர்களுக்கல்லவா இது, நமக்கென்ன?" என்று சாய்ந்து உட்கார்ந்திருக்கக்கூடும். கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நம் சொந்த சங்கதி ஒன்றைச் சொல்லுகின்றோம். நம் துணைவியாரின் அனுமதியோடுதான் சொல்லுகின்றோம். அவருக்கு முதல் பிரசவம் ஆனபோது நாம் வாரத்தில் நாலு நாள் மேடையில் இருந்தோம். பேய் இல்லை, பிசாசு இல்லை என்று தொண்டை கட்டப் பேசிவிட்டு நடுராத்திரியில் வீடு திரும்பினால், அவர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கேட்டால் பதில் வராது, கண்ணீர் வரும். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "உலகத்தில் யாரும் பெறாத பிள்ளையையா பெற்றுவிட்டாய்? எதற்கு இந்த நாடகம்?" என்றோம். ஒருநாள் அவர் சொன்னார்: "எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தாலாவது நாலு பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பேய் இல்லையென்று சொல்லி என்னைத் தனியாக விட்டுவிட்டீர்களே!" என்றார். தோழர்களே! கூட்டங்களில் கல்லடி பட்டிருக்கின்றோம். எந்தக் கல்லும் அந்த வார்த்தையைப் போல் நம்மேல் படவில்லை. பேயை ஓட்டிவிட்டு அந்த இடத்தில் உதவியைக் கொண்டுவந்து வைக்காமற் போனால், கோடாங்கிக்கும் நமக்கும் உடுக்கை ஒன்றுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்கப் புகுந்தோம். நம் படிப்பு உங்களுக்குத் தெரியும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற படிப்பு. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையிலிருந்த செல்மா ஃப்ரைபெர்க் என்கிற அம்மையார் மற்ற இருவரோடு சேர்ந்து 1975-ல் எழுதிய ஒரு கட்டுரை கையில் கிடைத்தது. அதற்குத் தலைப்பே 'குழந்தை அறையில் பேய்கள்' என்பது. இவ்வளவு படித்த அம்மாளுமா என்று ஆத்திரம் வந்தது. (சிரிப்பு) உள்ளே படித்துப் பார்த்தால், அவர் சொல்லுகிற பேய் புளியமரத்துப் பேயல்ல. தாயும் தகப்பனும் தாங்கள் குழந்தையாயிருந்தபோது பட்ட அடியும், அவமானமும், கேட்பாரற்று அழுத அழுகையுமே தொட்டிலண்டை வந்து நிற்கின்ற பேய் என்கின்றார். அவர்கள் பார்த்த ஒரு தாய், குழந்தை வீறிட்டு அழும்போதும் காதில் விழாதவளைப்போல் உட்கார்ந்திருப்பாளாம். ஏன் இவளுக்குக் கேட்கவில்லை என்று ஆராய்ந்ததில், அவள் குழந்தையாயிருந்து அழுதபோது அதைக் கேட்டவர் யாருமில்லை என்று தெரிந்தது. அவள் கதையைப் பொறுமையாகக் கேட்கவும், அவள் மனம்விட்டு அழவும் ஆள் கிடைத்த பிறகு, அவள் தானாகவே குழந்தையை வாரியெடுத்து அணைத்துக்கொண்டாள்.

அதே தேசத்தில் சான் டியாகோ பட்டணத்தில் வின்சென்ட் ஃபெலிட்டி என்றொரு வைத்தியர் பருத்த சரீரக்காரர்களுக்கு எடை குறைக்கும் வைத்தியம் செய்துவந்தார். எடை நன்றாய் இறங்கிவருகிறவர்களே பாதியில் நின்றுவிடுகின்றார்களே, ஏன் என்று விசாரித்தார். பலர் சிறு வயதில் பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் என்று வெளிப்பட்டது. பிறகு ராபர்ட் அன்டா என்பவரோடு சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000 பேருக்கு மேல் விசாரித்தார். சிறு வயதில் உன்னை அடித்தார்களா? இழிவாய்ப் பேசினார்களா? உன் தாய் அடிபடுவதைப் பார்த்தாயா? வீட்டில் குடிகாரர் உண்டா? இப்படிச் சில கேள்விகள்தான். 1998-ல் முதல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு மேல் ஒன்றாவது பட்டிருந்தார்கள். நாலு வகையும் அதற்கு மேலும் பட்டவர்களுக்கு, ஒன்றும் படாதவர்களைவிட, குடியும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் 4 முதல் 12 மடங்குவரை அதிகமாயிருந்தன. அவர்கள் பஞ்சம் பிழைக்க வந்தவர்களல்ல. பெரும்பாலும் படித்தவர்கள், இன்ஷூரன்ஸ் வைத்திருந்தவர்கள். அப்படிச் சிறு வயதில் துன்பப்பட்ட பெண்களுக்குத்தான் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்பும் மனச்சோர்வு அதிகமாய் வருகின்றதென்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

தாயின் சோர்வு பிள்ளைக்குத் தெரியாதென்று நினைக்கவேண்டாம். எட்வர்ட் ட்ரானிக் என்பவரும் அவருடைய தோழர்களும் 1978-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், தாய் முதலில் குழந்தையோடு சிரித்து விளையாடுகின்றாள். பிறகு, சொன்னபடி, கொஞ்ச நேரம் முகத்தைக் கல்லைப்போல் அசையாமல் வைத்துக்கொள்ளுகின்றாள். குழந்தை சிரித்துக் காட்டுகின்றது. மறுபடி மறுபடி அவளைக் கூப்பிட்டுப் பார்க்கின்றது. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒடுங்கிவிடுகின்றது. சில நிமிஷத்துக்கே இப்படியானால், மாதக்கணக்கில் தாயின் முகம் அப்படியிருந்தால் என்ன ஆகும்? இதற்காக அந்தத் தாயைக் குற்றம் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். அவள் முகத்தைக் கல்லாக்கினது நோய். நோயை வளரவிட்டது நாம்.

இனி, அந்த நாலு வயதுப் பெண்ணுக்கு வருவோம். தகப்பன் மறுவிவாகம் செய்துகொண்டான், குடித்தான், மாற்றாந்தாய் அடித்தாள். 'பேய் பெத்த பிள்ளை' என்று தெருப்பிள்ளைகள் கூப்பிடுவார்கள். நாமும் கூப்பிட்டிருக்கின்றோம். 17 வயதில் கட்டிக்கொடுத்தார்கள். 18 வயதில் அவளுக்கொரு பெண் பிறந்தது. அதை அவள் அகப்பையால் அடிப்பாள், சூடு போடுவாள் என்று கேள்விப்பட்டிருக்கின்றோம். பொல்லாதவளா? அடியைத் தவிர வேறு பாஷையை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அடிபட்டு வளர்ந்த அந்தப் பெண், தன் 20-வது வயதில், போன வருஷம் பிள்ளை பெற்றாள். மூன்றாவது வாரத்திலிருந்து பேச்சில்லை, சாப்பாடில்லை. தாய்க்காரி நம்மிடம் ஓடிவந்தாள். "அண்ணே, எங்கம்மாவுக்குப் பிடிச்சது எம்பொண்ணுக்கும் வந்துட்டது. இது எங்க வம்சத்துச் சாபம். அந்தப் புளியமரத்தை வெட்டிப்புட்டா விட்டுருமா?" என்று கேட்டாள். அந்த மரத்தை ரோடு போடுகிறவர்கள் வெட்டிப் பத்து வருஷமாகின்றது. (சிரிப்பு) சிரிக்காதீர்கள், தோழர்களே! அத்தனை வருஷமாக அந்த மரத்தை அவள் தலையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கின்றாள்.

அதற்குள் குழந்தைக்கு ஒன்றரை மாதத்து ஊசி போடுகிற நாள் வந்தது. ஊசி போட்ட நர்ஸம்மாள் கெட்டிக்காரர். குழந்தையைப் பார்த்ததோடு நிற்காமல் தாயையும் ஏறிட்டுப் பார்த்தார். தனியே அழைத்துப்போய்ப் பத்துக் கேள்வி கேட்டார். ஜான் காக்ஸ் என்பவரும் மற்றவர்களும் எடின்பரோவில் தயாரித்து 1987-ல் வெளியிட்ட கேள்விகள் அவை, தமிழிலும் இருக்கின்றன. காகிதமும் பென்சிலும் ஐந்து நிமிஷமும் போதும். தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது பத்தாவது கேள்வி. அந்தப் பெண் தலையை ஆட்டினாள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பால் கொடுக்கிறவர்களுக்குக் கொடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு; கொடுத்தார்கள். அதற்கும் மேலே, டாக்டரம்மாள் தாய்க்காரியை உட்காரவைத்து, "உங்க அம்மா எப்படி இறந்தாங்க?" என்று கேட்டாராம். அவள் வாழ்நாளில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. வெகுநேரம் அழுதாளாம். இப்போது ராத்திரியில் பாட்டி குழந்தையை வைத்துக்கொள்ளுகின்றாள், பெற்றவள் தூங்குகின்றாள். எல்லாம் சரியாய்ப் போய்விட்டதென்று நாம் சொல்லமாட்டோம். மருமகனுடைய குடி இன்னும் நிற்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். துன்பமானது ஜீனிலேயே எழுதப்பட்டுத் தலைமுறை தலைமுறையாய் இறங்குகின்றது என்று இப்போது சிலர் எழுதிவருகின்றார்கள். கனடாவில் மைக்கேல் மீனி முதலியவர்கள் 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நக்கிச் சீராட்டாத எலியிடம் வளர்ந்த குட்டிகளுக்கு ஜீன் வேலைசெய்கிற விதமே மாறியிருந்தது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த குட்டியையும் சீராட்டுகிற தாயிடம் விட்டு வளர்த்தபோது அது மற்றக் குட்டிகளைப் போலவே வளர்ந்தது. அந்தப் பாதியை மாத்திரம் எழுதுகிறவர்கள் விட்டுவிடுகின்றார்கள். மனிதரிடத்தில் இப்படிப் பேரன் பேத்தி வரைக்கும் இறங்குகின்றதென்பது இன்னும் ருசுவாகவில்லை. அன்றியும், சிறு வயதில் கொடுமைப்பட்டவர்களில் பெரும்பாலோர் தங்கள் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதில்லை. ஆகவே, பிரமன் எழுதினான் என்பதை விட்டுவிட்டு ஜீன் எழுதிற்று என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், எழுத்தாணி மாறினதே தவிரத் தலையெழுத்து மாறினதாகாது.

மாமியாரை ஏசுவதற்கு இங்கே பலர் காத்திருப்பதும் தெரிகின்றது. அந்த அம்மாள் மருமகளாய் வந்தபோது தீட்டு என்று மூலையில் ஒதுக்கி, பாயையும் தட்டையும் தனியாய் வைத்து, கொல்லையில் படுக்கவைத்தவர்கள் யார்? அவருக்கும் ஒரு மாமியார் இருந்தார். அவரை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் இன்று அவர் இப்படியிருக்கமாட்டார்.

கேட்பதற்குப் பெரிய டாக்டர்தான் வரவேண்டுமென்பதுமில்லை. பாக்கிஸ்தானில் ராவல்பிண்டியை அடுத்த கிராமங்களில், வீடு வீடாய்ப் போகிற சுகாதார ஊழியப் பெண்களைக் கொண்டே ஒரு காரியம் செய்தார்கள். அவர்கள் வைத்தியம் படித்தவர்களல்ல. நிறைமாதத்திலேயே மனச்சோர்வுற்றிருந்த 903 தாய்மார்களைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கப்படி சும்மா போய்வந்தார்கள். மற்றப் பாதிக்கு, நிறைமாதம் முதல் பத்து மாதம்வரை 16 தடவை போய், பக்கத்தில் உட்கார்ந்து, 'என்னால் ஒன்றுமாகாது' என்கிற நினைப்பைக் கொஞ்சங் கொஞ்சமாக மாற்றுகிற முறையில் பேசினார்கள். வீட்டாரையும் கூட்டிவைத்துச் சொன்னார்கள். ஆறாவது மாதத்தில் கணக்கெடுத்தபோது, முதல் பாதியில் 100-க்கு 53 பேருக்கு நோய் நீடித்தது. இரண்டாவது பாதியில் 23 பேருக்குத்தான். ஆதிஃப் ரஹ்மான் முதலியவர்கள் இதை 2008-ல் வெளியிட்டார்கள். அந்த ஊழியப் பெண்கள் யாரும் மந்திரம் போடவில்லை; கேட்டார்கள், அவ்வளவுதான். இதை நம்முடைய கிராமத்து நர்ஸம்மாள் செய்யமுடியாதா? முடியும். ஆனால் ஊசிக் கணக்கு, கர்ப்பிணிக் கணக்கு, எடைக் கணக்கு என்று அவர் முதுகிலேறியிருக்கிற நோட்டுப் புத்தகங்களைச் சர்க்கார் கொஞ்சம் இறக்கிவைக்கவேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் 2009 முதல் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்து வைத்தியம் செய்கிற தனி வார்டு நடக்கின்றது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமும், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சையிலுள்ள தாயிடமிருந்து சாதாரணமாய்ப் பிரிக்கக்கூடாது என்றே சொல்லுகின்றது. ஜில்லாவுக்கு ஒன்றாவது அப்படிப்பட்ட வார்டு வேண்டுமென்று கேட்பதை விட்டுவிட்டு நாம் வேறு எதையெதையோ தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கின்றோம். 14416 என்கிற நம்பருக்குப் போன் செய்தால் காசில்லாமல் தமிழிலேயே பேசுவார்கள். 2022 முதல் இருக்கின்றது. இதைச் சமையலறைச் சுவரில் எழுதிவையுங்கள். ஆனால் தூக்கம் அடியோடு போய், மாறாட்டமாய்ப் பேசினாலோ, சாகப்போவதாகவோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவதாகவோ சொன்னாலோ, போனோடு நிற்காமல், அவளைத் தனியே விடாமல், அந்த மணியே வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆண்பிள்ளைத் தோழர்கள், தாங்கள் என்ன செய்வதென்று கேட்பீர்கள். ராத்திரியில் ஒரு வேளை குழந்தையை வாங்கிக்கொண்டு, பெற்றவள் நாலு மணி நேரம் விடாமல் தூங்கும்படி பாருங்கள். துணி துவையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாள் வராமலிருங்கள், நாம் கோபித்துக்கொள்ளமாட்டோம்.

குழந்தை விழித்துக்கொண்டுவிட்டது. பெயரை இன்னும் வைக்கவில்லை. பெற்றவள்தான் பெயரைத் தெரிந்தெடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அவளே எழுந்து சொல்லட்டும், நாம் வாயைத் திறக்கப் போவதில்லை. தகப்பனார் எங்கே? முன்னால் வந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சாப்பிட்டவுடன் சத்தமில்லாமல் புறப்படுங்கள்; அந்த அம்மாள் கொஞ்சம் தூங்கவேண்டும்.